பாட்டி வீட்டு நீலப் பீங்கான் தட்டு: கையால் வரைந்ததா, அச்சா?

மயிலாப்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். இடிப்பதற்காகப் பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது, பரணில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த பீங்கான் தட்டு ஒன்று கிடைத்தது. வில்லோ மரம், பாலத்தில் செல்லும் மூவர், மேலே இரு பறவைகள் என எல்லாம் நீலத்தில் இருப்பதால், வீட்டில் அதைச் சீனத் தட்டு என்றே சொல்லி வந்தார்கள். பின்புறத்திலோ இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கிறது. இதன் வயதை எப்படி அறிவது? விளிம்பில் படர்ந்துள்ள பழுப்புக் கறையைப் பிளீச்சிங் பவுடரால் நீக்கலாமா?

பெரம்பூர் சேகரிப்பாளர்:
அம்மா, விளிம்பு அலங்காரத்தின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று வாருங்கள். சிக்குக் கோலத்தில் இழை தவறியதுபோல, ஓரிடத்தில் வடிவம் பொருந்தாமல் வெட்டுப்பட்டிருந்தால் அது அச்சுதான். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை, நீல நிறம் தரும் கோபால்ட் என்னும் உலோகச் சேர்மம் கலந்த மையிட்டு மெல்லிய தாளில் எடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின் மேல் ஒட்டித் தேய்த்து, தாளை நீரில் கழுவி நீக்கிய பிறகே கண்ணாடிப் பூச்சு கொடுத்து மீண்டும் சூளையில் வைப்பார்கள். அந்தக் கடும் சூட்டையும் கோபால்ட் தாங்கியதால்தான் நீலம் இவ்வளவு பரவியது. 1784 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர் ஜோசையா ஸ்போட் என்ற மட்பாண்டத் தொழிலாளர். வில்லோ சித்திரமும் சீனப் பாணியைப் பார்த்து இங்கிலாந்தில் உருவானதே. தாள் ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். எனவே பொருத்தம் பிசகிய இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய கை நினைவுக்கு வருகிறது.

அடையாறு அன்பர்:
இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1891 முதல் வலியுறுத்தியதால், நாட்டின் பெயர் மட்டும் உள்ள முத்திரை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. "இங்கிலாந்தில் செய்யப்பட்டது" என்ற முழுத் தொடர் இருந்தால், அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. முத்திரையே இல்லாத தட்டுகளை மிகப் பழையவை என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

அண்ணா நகர் வாசகர்:
பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள், சகோதரி. என் கிண்ணம் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். மயிரிழை விரிசல்களின் வழியே இறங்கிய கரைசல் உள்ளே உப்பாகப் படிந்து, சில மாதங்களில் பூச்சைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, பிறகு நிழலில் நன்கு உலர்த்துங்கள். அதற்கும் போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், புளிக்குழம்போ தயிரோ அதில் பரிமாற வேண்டாம்.

மயிலாப்பூர் வாசகி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொருத்தம் பிசகிய இடம் பாலத்திற்கு நேர் கீழே, விளிம்பில் இருக்கிறது. முத்திரையில் நாட்டின் பெயர் மட்டுமே உள்ளது. இன்று மாலை தட்டை நீரில் ஊற வைக்கிறேன்.