காற்றாலைத் திட்டம்: ஊர்ச்சனத்தோட எப்ப, எப்படிக் கதைக்கிறது?

வடமராட்சியான்:
யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்குக் கரையோரத்தில 10 மெகாவாட் காற்றாலைத் திட்டம். இடங்களைக் குறிச்சாப்பிறகு பிரதேச செயலகத்தில ஒரு கூட்டம் வைச்சாப் போதுமோ? ஆரைக் கூப்பிடவேணும்?

சோழகம்:
இடம் குறிச்சாப்பிறகு வைக்கிறது வெறும் அறிவித்தல். காற்று அளக்கிற கம்பம் நட முதலே போங்கோ. அது ஒரு வருசமாவது நிக்கும், கதைக்க அவ்வளவு நாள் இருக்கு. 50 மெகாவாட்டைத் தாண்டினால்தான் அளவை வைச்சுச் சூழல் அறிக்கை கேட்பினம். ஆனால் கரையோர வலயத்துக்குள்ளயோ சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குக் கிட்டவோ எண்டால் சின்னத் திட்டத்துக்கும் கேட்கலாம். கடற்றொழிலாளர் சங்கத்தைத் தனியச் சந்தியுங்கோ. கரைவலைப்பாடு (கரைவலை இழுக்கிற இடம்), வாடி (மீன்பிடிக்காரர் தங்கிற கொட்டில்), படகு இழுக்கிற பாதை எல்லாத்தையும் அவையே படத்தில கீறட்டும்.

உறுதிக்காரன்:
மண்டபத்துக்கு வாறது பெரும்பாலும் ஆம்பிளையள். காணியோ சீதன உறுதியில பொம்பிளையளின்ர பேரில. மாதர் சங்கத்தோட தனிக்கூட்டம் வைக்காட்டிக் காணிக்காரரை விட்டிட்டுக் கதைச்ச மாதிரித்தான். பங்குக்காணியில (கனபேருக்குச் சேர்ந்த காணி) பாதிப்பேர் இருக்கிறது கனடா, லண்டனில. அவையிட்ட இருந்து அற்றோணித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாக் கையெழுத்து வைக்க இன்னொராளுக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) வர மாதக்கணக்கு எடுக்கும். விலைக்கு வாங்கிறதெண்டால் தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) பங்காளருக்கு முதல்ல வாங்கிற உரிமை இருக்கு. அவைக்கு அறிவிக்காமல் எழுதின உறுதி பிறகு கோட்டுக்குப் போகும்.

வடமராட்சியான்:
நன்றி. சனம் சத்தத்தைப் பற்றித்தான் கேட்குது.

மணற்காடு:
சத்தத்துக்கு முதல் தண்ணியைப் பாருங்கோ. மன்னார்த் தீவில 30 காற்றாலை, 103.5 மெகாவாட், மழைவெள்ளம் வடியேல்லை எண்டது அங்க சனத்தின்ர பெரிய முறைப்பாடு. பாரந்தூக்கி போக உயர்த்திற கிரவல் றோட்டு அணைக்கட்டு மாதிரி நிண்டிடும். மாரியில வெள்ளம் ஓடேக்க ஊர்ப் பெரியவையோட நடந்து, ஓடுற இடமெல்லாம் மதகுக்குக் குறியுங்கோ. கோடையில பாத்தால் ஒண்டும் தெரியாது. அத்திவாரக் கிடங்கில தண்ணி இறைச்சால் பக்கத்துக் கிணறு உவர்க்கலாம். வேலை தொடங்க முதலே நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, வீட்டுக்காரரிட்டக் கையெழுத்து வாங்குங்கோ.

சத்தத்துக்கு, வீட்டு வாசலில இரவு 45 டெசிபெலைத் தாண்டக்கூடாது எண்டதுதான் கடன் குடுக்கிற சர்வதேச வங்கியள் கேட்கிற அளவு. காற்றாலை வரமுதல் சோழகக் காத்திலயும் (தென்மேற்கு) வாடைக் காத்திலயும் (வடகிழக்கு) தனித்தனிய அளந்து வையுங்கோ, இல்லாட்டிப் பிறகு ஒப்பிட ஒண்டும் இராது. இறக்கை நிழல் வீட்டில விழுறதுக்கு ஜேர்மனியில வருசம் 30 மணித்தியாலம், நாள் 30 நிமிசம்தான் எல்லை.

முறைப்பாட்டுப் புத்தகம் ஜி.எஸ் (கிராம சேவகர்) கந்தோரில இருக்கட்டும். கொம்பனிக் காவலாளியிட்டக் குடுத்தால் கடைசி வரைக்கும் வெள்ளையாத்தான் இருக்கும்.