எண்ணெய்த் துறையில் வேலை பார்த்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக அடுத்த மாதம் தமிழில் ஒரு கலந்துரையாடல் நடத்துகிறோம். பொருள்: அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடமும் அங்கே எண்ணெய் எடுக்கும் முயற்சியும்.

அதன் கடற்கரைச் சமவெளி சுமார் 15 லட்சம் ஏக்கர். கோடைத் தொடக்கத்தில் கரிபு மான்கள் கூட்டமாக வந்து கன்று ஈனும் இடம் அது. அந்த மான்களை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடியினருக்கு அது புனித மண். 2017-இல் வந்த அமெரிக்கச் சட்டம் அங்கே எண்ணெய் எடுக்க நிலத்தை ஏலத்தில் குத்தகைக்கு விட வழிவிட்டது. 2025 ஜனவரி ஏலத்தில் ஒரு நிறுவனம்கூட விலை கேட்கவில்லை. நிம்மதி நீடிக்கவில்லை, அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் மேலும் நான்கு ஏலங்களையாவது நடத்த வேண்டும் என்கிறது.

கிணறு தோண்டும் முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். 1984, 1985 குளிர்காலங்களில் நிலத்தடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடும் நில அதிர்வு ஆய்வுக்கு ஓட்டிய கனரக வண்டிகளின் தடங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த உறைநிலத்தில் மறையவில்லை.

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு எண்ணெய் ஆலைகளிலோ, துவாஸ் கப்பல் பட்டறைகளிலோ, கடல்நடுவே கிணறு தோண்டும் துரப்பண மேடைகளிலோ வேலை பார்த்த அண்ணன்மார், அக்காமார் யாராவது அரை மணி நேரம் வந்து பேச முடியுமா? துரப்பணம் எப்படி நடக்கிறது, கழிவு எங்கே போகிறது, கசிந்தால் என்ன செய்வார்கள் என்று எளிய தமிழில் சொன்னால் போதும். எங்கள் கருத்தை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை பிற்பகல் எனக்கு வசதி. உங்களுக்கு வேறு நேரம் ஏற்றதென்றால் மாற்றிக்கொள்கிறேன். தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.