நைஸ் எண்ணை ‘முன்னுரிமை எண்’ என்னலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் சொற்களைத் தமிழாக்குகையில், ஷெட்யூலிங் (எந்த நிரல் எப்போது சி.பி.யு.வில் ஓடும் என்று முடிவு செய்வது), நைஸ் (ஒரு நிரல் மற்றவற்றுக்கு எவ்வளவு வழிவிடும் என்பதைக் குறிக்கும் எண்) ஆகிய இரண்டுக்கும் வேறு சொல் வேண்டும் என்றேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ஷெட்யூலிங் – அட்டவணையிடல். நைஸ் – முன்னுரிமை எண். இரண்டும் புழக்கத்தில் இருப்பவை. ஏன் மாற்றவேண்டும்?

ஐயா, முதல் சொல்லைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எங்கள் பாம்பன் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு கடலுக்குப் போகும், 4 நாள் நாட்டுப்படகு போகும். அது அட்டவணை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் அப்படி ஒரு தாள் கிடையாது. காத்திருக்கும் செயலாக்கங்களில் (பிராசஸ்கள், அதாவது ஓட்டத்தில் உள்ள நிரல்கள்) அடுத்தது எது என்பதை அவ்வப்போது பார்த்துத்தான் முடிவு செய்கிறது. குழாயடியில் “அடுத்து யார் முறை?” என்று கேட்கிறோமே, அந்த முறைதான் இது. ஆகவே ஷெட்யூலிங்குக்கு ‘முறைவைப்பு’, ஷெட்யூலிங் பாலிசிக்கு ‘முறைவைப்பு நெறி’. (பிராசஸை ‘செயல்முறை’ என்பவர்களுக்கு இரண்டு முறையும் முட்டிக்கொள்ளும். நான் செயலாக்கத்தோடு நிற்கிறேன்.)

நைஸில்தான் எனக்கு உண்மையான வழக்கு. அந்த எண் -20 முதல் 19 வரை போகும். கூடக்கூட சி.பி.யு.வில் கிடைக்கும் பங்கு குறையும். 0 உள்ள செயலாக்கத்தின் எடை (பங்கைத் தீர்மானிக்கும் அளவு) 1024 என்றால், 19 உள்ளதன் எடை வெறும் 15. இதற்கு ‘முன்னுரிமை எண் 19’ என்று பெயரிட்டால், படிக்கும் மாணவர் அதுதான் முந்தும் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்?

தண்ணீர் வண்டி வரும் நாளில் எங்கள் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும். கைக்குழந்தையோடு வருபவரிடம் “நீ பிடிச்சுக்கோ அக்கா” என்று ஒதுங்குவோம். நைஸ் அந்த ஒதுங்கல்தான். என் பரிந்துரை: ‘விட்டுக்கொடுப்பு எண்’.

அனுமதி விதியும் இந்தச் சொல்லில் தானாகவே விளங்கிவிடும். தன் செயலாக்கத்தின் எண்ணை 0இலிருந்து 10க்கு உயர்த்த எந்தப் பயனருக்கும் உரிமை உண்டு. விட்டுக்கொடுக்க யாரைக் கேட்கவேண்டும்? திரும்ப 5க்கு இறக்கத்தான் ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும், அல்லது நிர்வாகி முன்பே அந்த அளவுக்கு வரம்பைத் தளர்த்தியிருக்க வேண்டும். ஒதுங்கியவர் மறுபடி வரிசைக்குள் நுழைந்தால் தெருவே கேள்வி கேட்காதா?

> சரி, -5க்கு என்ன சொல்வீர்கள்? விட்டுக்கொடுக்காத விட்டுக்கொடுப்பா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ‘பிடிவாதம்’ என்று எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்ததால் அடித்துவிட்டேன். கணக்கு, கழித்தல் குறிக்குள் இறங்கினாலும் வங்கியில் அது ‘இருப்பு’தான். அதுபோல் இதுவும் ‘விட்டுக்கொடுப்பு -5’ என்றே இருக்கட்டும்.

‘முன்னுரிமை’ வீணாகாது. தாமதம் கூடாத வேலைகளுக்கான நிகழ்நேர (ரியல்-டைம்) நெறிகளில் 1 முதல் 99 வரை உள்ள எண்ணுக்கு அது கச்சிதம்: அங்கே பெரிய எண்தான் முந்தும், விட்டுக்கொடுப்பு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அந்த நெறிகளில், முதலில் வந்ததை முதலில் ஓடவிடும் ஃபிஃபோவை ‘வரிசைநெறி’ எனலாம். சம முன்னுரிமை உள்ளவற்றுக்குள் நேரத்தைப் பகிர்ந்து சுழலும் ரவுண்ட் ராபினுக்குச் ‘சுழல்நெறி’. இவ்விரண்டிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை, மேலானது கிடைத்தால் மாற்றலாம்.

மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘விட்டுக்கொடுப்பு எண்’ணை ஏற்றிவிடுகிறேன்.