பொன்னியின் செல்வன் படம் பெரியவர்கள் மனதில் ஒட்டவில்லை, ஏன்?

கேள்வி (ஹட்டன்):
எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் போடப்போகிறோம். டீவியில் இதைப் பார்த்த பெரியவர்கள் “நல்லாத்தான் இருக்கு” என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அவர்களே, மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி அழுதால் கூடவே அழுவார்கள். போடுகிற விதத்தில் ஏதாவது செய்யலாமா?

பதில் (பதுளை):
தம்பி, சிக்கல் கதையின் வரிசையில் இருக்கிறது. கூத்தில் மன்மதன் எரிவதற்கு முன்பே ரதிக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்துவிடும். அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் ஒப்பாரி வலிக்கும். படத்தில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் வெறி 2022இல் வந்த முதல் பாகத்திலேயே கொதிக்கிறது. அதற்கு வேரான, நந்தினி மீது அவனுக்குச் சிறு வயதில் வந்த காதலைக் கண்ணால் காண்பது 2023இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில். முதலில் அவன் வாயால் சொல்லக் கேட்கிறோம், அவ்வளவுதான். முதல் பாகம் முழுக்க நாம் பின்தொடர்கிற வந்தியத்தேவனோ தூது போகிறவன். அவனோடு சிரிக்கலாம், அவன் எதையும் இழக்கவில்லை. ஆகவே இரண்டாம் பாகத்தின் அந்தத் தொடக்கத்தை மட்டும் முதல் ஞாயிறே முன்னால் போடுங்கள்.

பதில் (நாவலப்பிட்டி):
வரிசை மட்டுமல்ல, பெயர்களும் இடறும். கல்கி 1950 முதல் வாரவாரம் எழுதி ஐந்து பாகமாக விரித்த கதை இது. படத்தில் ஒரு பாகத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம்தான். அருள்மொழி, பொன்னியின் செல்வன், பின்னாளைய ராஜராஜன் மூவரும் ஒரே ஆள் என்று பிடிபடுவதற்குள் காட்சி ஓடிவிடும். ஒரு பெரிய அட்டையில் சுந்தர சோழர், கீழே கரிகாலன், குந்தவை, அருள்மொழி. பக்கத்தில் அரியணைக்குப் போட்டியாக மதுராந்தகன். இவ்வளவு போதும். ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு அட்டையைத் திரைக்கு அருகிலேயே விடுங்கள். பழுவேட்டரையர் என்ற சிற்றரசர் இருவர் என்பதையும் சொல்லுங்கள், அங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

பதில் (தலவாக்கலை):
சத்தத்தைக் கவனியுங்கள் தம்பி. தகரக் கூரை மண்டபத்தில் மழை விழுந்தால் மெல்லப் பேசுகிற வசனம் எதுவும் கேட்காது, இந்தப் படத்தின் உருக்கமெல்லாம் மெல்லிய குரலில்தான். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வேண்டாம். ஜனவரி, பெப்ரவரி நல்லது. ஸ்பீக்கரை உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் திரையின் இருபுறமும் வையுங்கள், பேஸை, அதாவது கனத்த ஒலியைக் குறையுங்கள். பின்சுவரில் கம்பளி நாலைந்து தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

கேள்வி (ஹட்டன்):
நன்றி அண்ணே. அந்தத் தொடக்கத்தை இரண்டாம் ஞாயிறு மறுபடி போட வேண்டுமா?

பதில் (பதுளை):
கட்டாயம். கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்பது அன்றுதான். அந்தச் சிறு வயது முகங்கள் அப்போது பெரியவர்கள் கண்ணில் இருக்க வேண்டும்.