ஆனிங் அடியில் எல்இடி ஸ்ட்ரிப் நிற்க மாட்டேன் என்கிறது

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். போன வருடம் பழைய டிராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு) ஒன்று வாங்கினோம். அதன் ஆனிங் (சுவரிலிருந்து நிழலுக்காக விரிக்கும் துணிக் கூரை) 16 அடி நீளம். 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் ஒரு ரோல் வாங்கி, ஆனிங் துணி மாட்டியிருக்கும் அலுமினியப் பட்டைக்குக் கீழே, ட்ரெய்லர் சுவரில் ஒட்டினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஒட்டினேன். இரண்டே வாரம்! வெயிலில் பசை இளகி, ஒரு முனை தோரணம் மாதிரி தொங்குகிறது. "திருவிழா எப்போ?" என்று வீட்டில் கேலி.

இன்னொரு தொல்லை. ஸ்ட்ரிப் 12 வோல்ட், மீட்டருக்கு 14.4 வாட், மொத்தம் 6 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்ததால் கடைசி ஒரு மீட்டர் மங்கலாக எரிகிறது. மறுமுனைக்கும் தனி ஒயர் இழுத்தால் சரியாகிவிடும், தெரியும். ஆனால் அதை எதற்குள் மறைத்துக் கொண்டுபோவது? சுவரில் புது ஓட்டை போட மனசு வரவில்லை. மழைத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்துப்போகும்.

சிலர் ஆனிங் சுருளும் உருளையிலேயே ஒட்டுகிறார்கள். அழகுதான், ஆனால் சுருட்டும்போது ஒயர் முறுக்கிக்கொள்ளாதா? ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றுகிறீர்களா?

அலுமினிய சேனல் (ஸ்ட்ரிப்பை உள்ளே பதிக்கும் பள்ளமான பட்டை) வைத்து மாட்டியவர்கள் இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள். ரிவெட்டா, டேப்பா என்றும் சொல்லுங்கள். அப்புறம், வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி மொய்த்துச் சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது. மஞ்சள் விளக்குக்கு மாறியவர்களுக்குக் குறைந்ததா? அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறோம், அதற்குள் முடிக்க வேண்டும்.