‘லாக்அவுட்’டுக்குத் தமிழ்ச் சொல்: முடக்கமா, பூட்டா?

வணக்கம்.

டீசல் பர்னர் வைத்த வெந்நீர்க் கொதிகலனுக்குத் தமிழில் பராமரிப்புக் குறிப்பு எழுதும்போது ஒரு சொல்லில் வேலை நிற்கிறது: ‘லாக்அவுட்’.

தண்ணீர் ஆறினால் தெர்மோஸ்டாட் பர்னரை எழுப்பும். முதலில் விசிறி சுழன்று, எரியறையில் தேங்கிய ஆவியைப் பத்துப் பன்னிரண்டு நொடி வெளியே தள்ளும். டிரான்ஸ்பார்மர் பத்தாயிரம் வோல்ட் அளவில் பொறியைத் தரும். வால்வு திறந்து நாசில் டீசலைத் தூவும். அதன்பின் 5 நொடியிலோ 10 நொடியிலோ (பெட்டிக்குப் பெட்டி மாறும்) ஒளிக்கண் சுடரைப் பார்க்காவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திச் சிவப்பு விளக்கை ஏற்றிவிடும். ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை பர்னர் எழும்பாது. இந்த நிலைக்குத்தான் பெயர் வேண்டும்.

‘கதவடைப்பு’ ஆலை முதலாளி தொழிலாளரை வெளியே நிறுத்துவது, இங்கே பொருந்தாது. மெக்கானிக்குகள் ‘டிரிப்’ என்கிறார்கள். ஆனால் மோட்டார் ஓவர்லோடும், சூடு மிஞ்சினால் அணைக்கும் லிமிட் சுவிட்சும்கூட அவர்களுக்கு டிரிப்தான். ‘காப்பு முடக்கம்’ எனலாமா?

— ஏற்காடு


வணக்கம் ஐயா.

‘முடக்கம்’ வேண்டாம். முடங்கியது என்றால் கெட்டுப்போனது என்று பொருளாகும். கெட்டதை எழுப்பத்தானே பொத்தான் என்று கை அதன்மேல் போகும். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாசில் மறுபடி டீசல் தூவும். எரியாத எண்ணெய் எரியறையில் தேங்கும். நான்காம், ஐந்தாம் முறை பொறி பிடித்தால் தேங்கியது மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக் கதவையும் புகைக்குழாயையும் பெயர்த்துவிடும். பெயரைக் கேட்டதுமே கை தயங்க வேண்டும். ஆகவே ‘பூட்டு’ கட்டாயம்.

என் பரிந்துரை ‘சுடர்ப்பூட்டு’. பெட்டி பூட்டுவது சுடரைப் பார்த்துத்தான்: வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, அல்லது வரக்கூடாத நேரத்தில் ஒளிக்கண்ணில் வெளிச்சம் படுகிறது. எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

குறிப்பில் இப்படி எழுதலாம். சுடர்ப்பூட்டு விழுந்தால் ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்தி, பக்கத்தில் நின்று கவனிக்கவும். விசிறியே சுழலவில்லையா? மோட்டார் அல்லது கெப்பாசிட்டர். விசிறி சுழன்றும் சுடர் இல்லையா? தொட்டியில் டீசல், அடிவால்வு, ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள். தொட்டி ஒருமுறை வற்றியிருந்தால் குழாயில் காற்று ஏறியிருக்கும். பம்பின் காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கீழே டப்பா பிடித்து, பர்னரை ஓட்டி, குமிழி நின்று எண்ணெய் கோடாக வந்ததும் இறுக்க வேண்டும். பிறகும் அழுத்தமானியில் முள் ஏறவில்லையென்றால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளிங் உடைந்திருக்கலாம். விசிறி நன்றாகச் சுழல்வதால் இது எளிதில் கண்ணில் படாது. பல சிறு பர்னர்களுக்கு 10 முதல் 12 பார் அழுத்தம். தகட்டில் உள்ளதே இறுதி. எண்ணெய் வந்தும் பற்றாவிட்டால் நாசில் அடைப்பு, பீங்கான் விரிசல், அல்லது மின்முனை இடைவெளி. அது வழக்கமாக 3–4 மி.மீ.

சுடர் பற்றிச் சில நொடியில் பூட்டினால் ஒளிக்கண்ணில் கரி. உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம். ஒரே வாரத்தில் கரி திரும்பினால் துடைப்பது மருந்தல்ல, காற்றுதான் போதவில்லை. ஏற்காட்டுக்கு இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் சரிசெய்த பர்னரை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோய் அப்படியே மாட்டினால் புகையும். காற்று மடலை ஏற்காட்டில் வைத்துத்தான், புகை அளவு பார்த்து, டெக்னீஷியன் திறந்து வைக்க வேண்டும்.

— சூரமங்கலம்


இருவருக்கும் வணக்கம்.

‘சுடர்ப்பூட்டு’ எனக்கு உடன்பாடு. அதற்கு வினையும் தயாராக இருக்கிறது: “பர்னர் பூட்டிக்கிச்சு.” எழுத்தில் ‘பூட்டிக்கொண்டது’.

‘ரீசெட்’டுக்கு ‘மீட்டமை’ வேண்டாம். கைப்பேசியில் மீட்டமைப்பைப் பத்து முறை தொட்டாலும் எதுவும் வெடிக்காது. அந்தப் பழக்கம் இங்கே வந்துவிடும். ‘பூட்டவிழ்ப்பு’ என்றால் காரணம் பார்த்து அவிழ்ப்பது என்ற எண்ணம் வரும். மோட்டார் ஓவர்லோடுக்கு ‘டிரிப்’ இருக்கட்டும். லிமிட் சுவிட்சுக்கு ‘சூட்டுவரம்பு நிறுத்தம்’.

குழாயில் காற்று நீக்குவதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. டீசல் பம்புசெட் ஓட்டியவர்கள் ‘ஏர் எடுக்கிறது’ என்றே சொல்வார்கள். ‘காற்றெடுத்தல்’ என்று எழுதினால் ஆத்தூர், வாழப்பாடிக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

பெட்டியின் மேல் ஒட்டும் வாசகம்: “சிவப்பு விளக்கு எரிந்தால் சுடர்ப்பூட்டு. ஒரு முறை மட்டும் அவிழ்க்கவும். மறுபடி பூட்டிக்கொண்டால் டீசல் வால்வை மூடி, மெயின் சுவிட்சை அணைத்து, மெக்கானிக்கைக் கூப்பிடவும்.”

— அஸ்தம்பட்டி