குறள் 66: பழைய பதிப்பில் மட்டும் தளை தட்டுகிறது. ஏன்?

வெண்பா எழுதப் பழகுகிறேன். பயிற்சிக்காகத் தினம் ஒரு குறளை அலகிடுகிறேன், அதாவது சீர்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரிக்கிறேன் (நேர் ஓரெழுத்து, நிரை குறிலில் தொடங்கும் ஈரெழுத்து; மெய்யை எண்ணுவதில்லை). தாத்தாவின் பழைய புத்தகத்தில் 66-ஆம் குறள் இப்படி இருக்கிறது:

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொற் கேளா தவர்

குழ/லினி கருவிளம் (நிரை நிரை). தியா/ழினி, அதுவும் கருவிளம். விளம் முன் நிரை வந்தால், அதாவது விளச்சீரை அடுத்து நிரை வந்தால், தளை (சீர்களின் இணைப்பு) ஆசிரியத்தளை ஆயிற்றே, குறளில் வெண்டளைதானே வர வேண்டும்! புதிய பதிப்பில் ‘குழலினிது யாழினிது’ என்று பிரித்திருக்கிறார்கள், அதில் சிக்கல் இல்லை. வள்ளுவர் தவறியிருக்க மாட்டார், நான்தான் எங்கோ சறுக்குகிறேன்.

இன்னொன்று: குழ, யாழி இரண்டிலும் ழகர மெய் இருக்கிறதே, இது எதுகையா (இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது)?

பதில் 1
குழ–மழ, அதுதான் எதுகை. யாழைச் சேர்க்காதீர்கள். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘கு’ குறில், ‘யா’ நெடில். தளை விஷயம் எனக்கும் குழப்பம்தான்.

பதில் 2
தம்பி, அந்தத் ‘தி’யைக் கணக்கில் எடுக்காதீர்கள். ‘இனிது’ என்பதன் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம், அதாவது குற்றியலுகரம், பின்னால் யகரம் வந்ததால் இகரமாகத் திரிந்திருக்கிறது. அதுதான் குற்றியலிகரம், அரை மாத்திரை (குறிலின் பாதி அளவு). ‘சீருந் தளையுஞ் சிதையிற் சிறிய இஉ’ அலகு பெறாது என்கிறது யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை; சீரும் தளையும் கெடுமானால் இந்தக் குறுகிய இகர உகரங்களை எண்ண வேண்டாம் என்று பொருள். தியை விட்டால் யா/ழினி, கூவிளம் (நேர் நிரை). விளம் முன் நேர், வெண்டளை. அதன் உரையிலேயே இந்தக் குறள்தான் உதாரணம். உங்களுக்கு முன்பே பலர் இங்கே முட்டியிருக்கிறார்கள்!

கேட்டவர்
அப்படியானால் குற்றியலிகரம், குற்றியலுகரம் எங்கே வந்தாலும் விட்டுவிடலாமா?

பதில் 2
கூடாது. ‘சிதையின்’ என்ற சொல்லைப் பாருங்கள். கெடும் இடத்தில் மட்டும்தான் சலுகை. உங்கள் புதிய பதிப்பில் குழ/லினி/து, அந்தத் ‘து’ நேரசையாக நின்று காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசைச் சீர்) ஆகிறது. அடுத்து ‘யா’, காய் முன் நேர், அதுவும் வெண்டளைதான். எதுவும் கெடவில்லை, ஆகவே எண்ணுகிறோம். 254-ஐயும் போட்டுப் பாருங்கள்: ‘அருளல்ல தியாதெனிற் கொல்லாமை கோறல்’.

கேட்டவர்
போட்டேன் ஐயா. தியை எண்ணினால் காய் முன் நிரை, கலித்தளை, வெண்பாவுக்கு ஆகாது. விட்டால் காய் முன் நேர். சரியாக வருகிறது. தாத்தா புத்தகத்தில் இந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.